காது ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையில் திரும்பினால் தலை சுற்றுகிறது: என்ன காரணம், எப்படிச் சரிசெய்வது?

கேள்வி இதுதான். வலது காதில் அங்கவடி எலும்புக்கான (ஒலியை உள்காதுக்குக் கடத்தும் மிகச் சிறிய எலும்பு) அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நான்கு நாள் தள்ளாட்டம் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. காதும் முன்பைவிட நன்றாகக் கேட்கிறது. ஆனால் கடந்த பத்து நாளாகப் படுக்கையில் வலப்பக்கம் திரும்பினாலோ, படுத்த இடத்திலிருந்து எழுந்தாலோ அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டும் மாற்றமில்லை. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டதா, இது இனி வாழ்நாள் முழுக்க இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைசுற்றல் உள்ளவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன், அதனால் இதே கேள்வியைப் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தலையின் நிலை மாறும்போது மட்டும் வருகிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. காது கேட்பது குறையவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் உள்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வரும் தலைசுற்றல்தான். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக பிபிபிவி என்பார்கள். இது வந்ததால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதற்கு மாத்திரை தீர்வும் இல்லை. தலையைச் சரியான வரிசையில் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே அனுப்பும் ஒரு முறை இருக்கிறது, அதுதான் சிகிச்சை. ஆனால் உங்களுடையது மூன்று வாரத்துக்கு முன் திறந்த காது. அதனால் வீடியோ பார்த்து இன்று இரவே வீட்டில் செய்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உள்காதில் கேட்பதற்கான நத்தைச் சுருள் ஒரு பக்கம் என்றால், அதன் பக்கத்திலேயே சமநிலைக்கான உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவை தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று மூளைக்குச் சொல்பவை. அவை வந்து சேரும் இடத்தில் யூட்ரிக்கிள் என்று ஒரு சிறு பை. அந்தப் பையின் தரையில் ஒரு பசைப் படலம், அதன் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் சில மைக்ரான் அளவுதான். தலை சாய்ந்தால் இந்தப் படிகங்களின் எடை லேசாக இழுக்கும், அதை வைத்துத்தான் மூளை எது மேல் எது கீழ் என்று அறிகிறது. அதாவது துகள் இருப்பது நோயில்லை, எல்லோருக்கும் உண்டு, இருந்தே ஆக வேண்டும். அது பையை விட்டுப் பிரிந்து அரைவட்டக் குழலுக்குள் போய் விழுவதுதான் சிக்கல். குழலுக்குள் திரவம் இருக்கிறது. நீங்கள் படுக்கும்போது துகள் கூட்டம் அந்தத் திரவத்தில் மெதுவாகக் கீழே இறங்கும், இறங்கும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும், குழலின் முனையில் உள்ள உணர்வுப் படலம் வளையும். தலை அசையாமல் இருக்கிறது, ஆனால் ஒரு காது மட்டும் ‘சுழல்கிறோம்’ என்று சொல்கிறது, மறு காது இல்லை என்கிறது. அந்த முரண்பாடுதான் உங்கள் அறை சுழல்வது. துகள் அடிமட்டத்தில் போய் நின்றதும் திரவம் நிற்கும், சுழற்சியும் நிற்கும். அரை நிமிடக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. படுத்ததும் உடனே வராமல் இரண்டு மூன்று நொடி கழித்து வருவதும் இதனால்தான், துகள் நகர ஆரம்பிக்க அந்த நேரம் வேண்டும்.

சரி, ஆபரேஷனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அங்கவடி எலும்பு உட்கார்ந்திருப்பது உள்காதின் ஜன்னலில். ஸ்டேப்பிடாட்டமி என்ற அங்கவடி ஆபரேஷன் செய்யும்போது அதன் அடித்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, அதில் ஒரு சிறு பிஸ்டனைப் பொருத்துகிறார்கள். அந்தத் துளைக்கு உள்ளே மிகக் கொஞ்ச தூரத்திலேயே நான் மேலே சொன்ன யூட்ரிக்கிள் பை இருக்கிறது. எவ்வளவு திறமையான கையாக இருந்தாலும், அவ்வளவு அருகில் துளையிடும்போது ஏற்படும் அதிர்வும், திரவம் லேசாகக் கசிந்து அழுத்தம் மாறுவதும், சில படிகங்களை உதிர்த்துவிடலாம். காதுக்குப் பின்னால் உள்ள மஸ்டாய்டு எலும்பைக் குடையும் ஆபரேஷன்களில் உள்காதையே திறப்பதில்லை, ஆனாலும் வேகமாகச் சுழலும் துரப்பணம் எலும்பு வழியாக அதிர்வைக் கடத்துகிறது. காது கேளாதவர்களுக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டில் எலும்பைக் குடைவதும் உண்டு, உள்காதைத் திறப்பதும் உண்டு, அதற்குப் பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து இந்தத் தலைசுற்றல் வருபவர்களும் இருக்கிறார்கள். காதைத் தொடவே தேவையில்லாத சிகிச்சையில்கூட இது வரும்: மேல்தாடையில் பல் இம்ப்ளான்ட் வைக்க எலும்பைச் சுத்தியலால் தட்டி அகலப்படுத்தும் முறைக்குப் பிறகு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

இன்னொரு காரணத்தை நிறைய பேர் யோசிப்பதில்லை. ஆபரேஷன் நடக்கும்போது உங்கள் தலை மணிக்கணக்கில் மறுபக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கட்டுப்போட்ட காது மேலே இருக்கட்டும் என்று நல்ல காதைத் தலையணையில் வைத்தே நாள்கணக்கில் படுத்திருப்பீர்கள். அசையாமல் ஒரே நிலையில் கிடந்தால், உதிர்ந்த துகள்கள் ஒன்று சேர்ந்து கீழ்ப்பக்கத்துக் காதின் குழலுக்குள் இறங்க வாய்ப்பு கூடுகிறது. ஆக, ஆபரேஷன் செய்தது வலது காது என்பதற்காகத் துகள் நகர்ந்ததும் வலது காதில்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இடது காதிலும் இருக்கலாம், இரண்டிலும் இருக்கலாம். பரிசோதிக்காமல் ‘ஆபரேஷன் ஆன பக்கம்’ என்று ஊகித்துச் சிகிச்சை செய்து, பலனில்லை என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறான காதில் செய்தால் பலன் எப்படி வரும்?

இப்போது முக்கியமான பகுதி. காது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் எல்லாத் தலைசுற்றலும் இது அல்ல. சாதாரணமாக வீட்டில் இருந்த ஒருவருக்குப் படுத்தால் தலை சுற்றினால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன், உங்களுக்கு யோசிக்கத்தான் வேண்டும்.

முதல் சில நாட்கள் வரும் தள்ளாட்டம், குமட்டல் பெரும்பாலும் உள்காது சற்று எரிச்சலடைந்ததால் வருவது, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். உங்களுக்கு முதல் நான்கு நாள் இருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். குறைய வேண்டியது கூடிக்கொண்டே போனால் அது வேறு கதை. துளையிட்ட இடத்திலிருந்து உள்காதுத் திரவம் கசிவது ஒன்று: தும்மினால், இருமினால், மலம் கழிக்க முக்கினால், கனமான பொருளைத் தூக்கினால் தலை சுற்றும், காது ஒரு நாள் கேட்கும் மறுநாள் மந்தமாகும், இரைச்சல் கூடும். பிஸ்டன் கொஞ்சம் நீளமாகிப்போனால் உள்ளே இடித்துக்கொண்டு, ஏப்பம் விட்டாலோ மூக்கைச் சிந்தினாலோ நொடி நேரத் தலைசுற்றல் வரும். பொருத்திய இடத்தைச் சுற்றிச் சதை வளர்ச்சி உண்டாவது அரிது, ஆனால் அது வருவது ஒன்று முதல் ஆறு வாரத்துக்குள், முதலில் நன்றாகிய காது திரும்ப மந்தமாவதுதான் அதன் அடையாளம். கிருமித் தொற்று உள்காதுக்குப் போனால் காய்ச்சல், வலி, நிற்காத சுழற்சி, கேட்கும் திறன் சட்டென்று விழுவது எல்லாம் சேர்ந்து வரும், கழுத்து விறைப்பும் கடும் தலைவலியும் கூட இருந்தால் மூளைக்காய்ச்சல் வரைக்கும் யோசிக்க வேண்டும்.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் துகள், அதை நகர்த்தும் முறை என்று எதையும் யோசிக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். கேட்கும் திறன் குறைவதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், அங்கே நேரம் போகப்போக மீட்க முடிவது குறைகிறது. அதே மாதிரி இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் பலமிழப்பது, நிற்கவே முடியாமல் போவது இருந்தால் அது காதின் பிரச்சினை அல்ல, மூளையைப் பார்க்க வேண்டும், நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் கோணினால் முகநரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம், அதுவும் காத்திருக்கக் கூடாத விஷயம்.

உங்கள் விவரத்தில் இவை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம், அதனால் ஒரு நாள் உட்கார்ந்து கவனித்து எழுதி வையுங்கள்: எந்த நிலையில் வருகிறது, எத்தனை நொடி நீடிக்கிறது, அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறையாவது வந்ததா, தும்மினால் வருகிறதா, இரைச்சல் கூடியதா. ‘தலை சுத்துது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் கிடைக்கும். ‘வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் இருபது நொடி சுழல்கிறது, மற்ற நேரம் ஒன்றும் இல்லை, காது நன்றாகக் கேட்கிறது’ என்று சொன்னால் அவர் படுக்க வைத்துப் பார்ப்பார். இன்னொன்று, முடிந்தால் அது வரும் நேரத்தில் வீட்டில் உள்ள யாராவது போனில் உங்கள் கண்களை அருகிலிருந்து வீடியோ எடுக்கட்டும். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்ளத்தான் தோன்றும், ஆனால் திறந்து வைத்திருங்கள். கண்மணி எந்தத் திசையில் துடிக்கிறது என்பது நோய் எந்தக் குழலில் இருக்கிறது என்பதைக் கிட்டத்தட்ட முகவரி மாதிரி சொல்லிவிடும். டாக்டர் அறையில் சில சமயம் வராமல் போகும், அப்போது இந்த வீடியோ பெரிய உதவி.

பரிசோதனைக்கு டிக்ஸ்-ஹால்பைக் என்று பெயர், மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் 1952-இல் விவரித்தது. உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி வைப்பார்கள். பின்பக்கக் குழலில் துகள் இருந்தால் சில நொடி கழித்துக் கண்கள் மேல்நோக்கியும், கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்றும் துடிக்கும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும், எழுந்து உட்கார்ந்தால் எதிர்த் திசையில் துடிக்கும். பெரும்பாலானவர்களுக்குத் துகள் போய்ச் சேருவது இந்தப் பின்பக்கக் குழலில்தான், காரணம் நிற்கும்போதும் படுக்கும்போதும் அதுதான் தாழ்வான இடம். கிடைமட்டக் குழலில் இருந்தால் மல்லாந்து படுத்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அதில் கண்கள் பக்கவாட்டில் துடிக்கும், சுழற்சி இதைவிடக் கடுமையாக இருக்கும், வாந்தியும் வரும். படுக்கையில் புரள்வதில் மட்டும் வருகிறது என்றால் இந்தச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதற்கான சிகிச்சை வேறு. ஸ்கேன் எதிலும் இந்தத் துகள் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் தலைசுற்றல் பொய் என்று ஆகிவிடாது.

இனி சிகிச்சை. பின்பக்கக் குழலுக்கு எப்லி முறை. வலது காது என்று உறுதியானால் இப்படிப் போகும்: தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பிப் படுக்க வைப்பார்கள், தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். இங்கே சுழற்சி வரும், அது அடங்கி மேலும் அரை நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். அடுத்து தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்புவார்கள், மறுபடி காத்திருப்பு. அப்புறம் உடம்பையும் சேர்த்து இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும் அளவுக்குத் தலை திரும்ப வேண்டும், அங்கேயும் காத்திருப்பு. கடைசியாக அதே பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு மெதுவாக எழுந்து உட்கார வேண்டும், முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். நடப்பது வேறொன்றுமில்லை, வளைந்த குழாய்க்குள் சிக்கிய மணலை, குழாயையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வந்த வாய் வழியாகவே வெளியே உருட்டிவிடுவது. பையில் விழுந்த துகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் அல்லது கரைந்துபோகும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. சாதாரணமாக வரும் பிபிபிவியில் பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்று முதல் மூன்று அமர்வுகளில் சுழற்சி நின்றுவிடும். அடிபட்ட பிறகு வருவதில் இரண்டு காதிலும் இருப்பதும், கூடுதல் முறை செய்ய வேண்டியிருப்பதும் அதிகம், ஆபரேஷனுக்குப் பிறகு வருவதையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறையில் நிற்காவிட்டால் மனம் தளர வேண்டாம்.

இந்த எளிய விஷயம் மருத்துவ உலகத்துக்கு எட்ட எவ்வளவு காலம் ஆனது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ராபர்ட் பாரனி இந்த நிலைசார் தலைசுற்றலை 1921-இல் விவரித்தார், உள்காதின் சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வாங்கியவர் அவர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் எப்லி தன் முறையைக் கட்டுரையாக வெளியிட முடிந்தது 1992-இல். அதே 1992-இல்தான் கனடாவின் லோர்ன் பார்ன்ஸும் மெக்ளூரும் ஆபரேஷன் நடக்கும்போதே குழலுக்குள் துகள் மிதப்பதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். நடுவே எழுபது வருடம், அத்தனை பேர் மாத்திரையோடு காலம் தள்ளியிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அங்கவடி எலும்பு ஆபரேஷன் ஆனவர்களைச் சில வாரங்களுக்குக் குனியாதே, மூக்கைச் சிந்தாதே, கனம் தூக்காதே என்று சொல்லி அனுப்புகிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள இடம் மூடிக்கொள்ள வேண்டும், உள்ளே அழுத்தம் திடீரென்று கூடக் கூடாது என்பதற்காக. எப்லியில் தலை இதயத்துக்குக் கீழே தொங்குகிறது, நடுவில் குமட்டி வாந்தி எடுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். அதனால்தான் ஆபரேஷன் செய்தவர் ‘இப்போது செய்யலாம்’ என்று சொல்லும் வரை காத்திருக்க வேண்டும் என்கிறேன். எத்தனை வாரம் என்பதை அவர்தான் சொல்ல முடியும், உள்ளே என்ன பொருத்தினார், எப்படி மூடினார், கசிவு இருந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சரி என்ற பிறகும் செய்முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். தலையைத் தொங்கவிடாமல் தோளுக்குக் கீழே தலையணை வைத்துச் சாய்க்கலாம். வேகம் வேண்டாம், ஒவ்வொரு திருப்பத்தையும் மெதுவாகச் செய்தாலும் துகள் நகரும், ஈர்ப்பு விசைதான் வேலை செய்கிறது. செமான்ட் முறை என்று இன்னொன்று இருக்கிறது, அதில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சடாரென்று புரட்டிப் போடுவார்கள், கழுத்து வலி உள்ளவர்களுக்கு நல்லது, ஆனால் புதிதாக ஆபரேஷன் ஆன காதுக்கு அந்த வேகத்தை நான் விரும்புவதில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்துச் செய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு, எலும்பைக் குடைந்த பக்கத்தில் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கழுத்துத் தேய்மானம், விழித்திரை விலகல், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட்டால் சிரமப்படுவார்கள். படுக்கும்போது வெளிக்கருவி கழன்று விழும், அதனால் கழற்றிவிட்டுத்தான் செய்வோம். கழற்றினால் கேட்காது. சுழற்சி நடுவில் கண்ணும் சுழல, காதும் கேட்காமல் இருப்பது பெரிய பயம். எனவே முன்பே எல்லா நிலைகளையும் சொல்லிக் காட்டி, தோளில் ஒரு தட்டு என்றால் திரும்பு, இரண்டு தட்டு என்றால் அப்படியே இரு என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கிடைமட்டக் குழல் என்று தெரிந்தால் மல்லாந்த நிலையிலிருந்து நோயில்லாத காதுப் பக்கமாக 90 டிகிரி, மறுபடி 90, மறுபடி 90 என்று முக்கால் சுற்றாக உருட்டும் முறை உண்டு. கண்கள் தரைப்பக்கமாகத் துடிக்கும் வகையென்றால் இன்னொரு மென்மையான வழியும் இருக்கிறது, புது ஆபரேஷன் ஆனவர்களுக்கு எனக்குப் பிடித்தது அதுதான்: நோயில்லாத காதைக் கீழே வைத்து இரவு முழுக்க ஒருக்களித்துப் படுப்பது. ஆபரேஷன் ஆன காதில்தான் நோய் என்றால் இப்படிப் படுப்பது அந்தக் காதுக்கும் பாதுகாப்பு. எந்தக் காது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மட்டும்.

எப்லி செய்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், கழுத்துப் பட்டை போட வேண்டும் என்று பழைய பழக்கம் ஒன்று உண்டு. அது தேவையில்லை, அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. உங்கள் ஆபரேஷனுக்காகச் சொல்லப்பட்ட கட்டுப்பாடுகள் மட்டும் அப்படியே தொடரட்டும். செய்த உடனே தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கூட ஒருவர் இருக்கட்டும். சில சமயம் துகள் பின்பக்கக் குழலிலிருந்து வெளியேறி கிடைமட்டக் குழலுக்குள் தவறிப் போய்விடும், அப்போது புது விதமாக, இன்னும் கடுமையாகச் சுற்றும். பயப்பட வேண்டாம், திரும்பப் பரிசோதித்து அதற்கான முறையைச் செய்தால் சரியாகும். வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரை பற்றி. மெக்லிசின், சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை சமநிலை நரம்பின் சத்தத்தை அடக்குபவை. குமட்டல் தாங்க முடியாத இரண்டு மூன்று நாளுக்கு உதவும், எப்லிக்கு முன் வாந்தியைத் தடுக்க ஒன்று போடலாம். குழலுக்குள் கிடக்கும் துகளை எந்த மாத்திரையும் நகர்த்தாது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் தூக்கக் கலக்கம் வரும், மூளை புது நிலைமைக்குப் பழகுவது தாமதமாகும், வயதானவர்களுக்குச் சின்னரிசினும் புரோகுளோர்பெரசினும் கை நடுக்கம், நடை தளர்ச்சி என்று பார்க்கின்சன் மாதிரியான தொந்தரவைக் கொண்டுவரலாம். பரிசோதனையின்போது கண் துடிப்பையும் மங்கச் செய்யும், அதனால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள்.

சுழற்சி நின்ற பிறகும் சில நாள், சிலருக்குச் சில வாரம், மிதப்பது மாதிரி, பஞ்சில் நடப்பது மாதிரி ஒரு மந்தம் இருக்கும். துகள் திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. படுத்துக்கிடந்தால் அது நீளும், நடந்தால் குறையும். ஒரு புள்ளியைப் பார்த்தபடியே தலையை இடம் வலம் அசைப்பது, பாதங்களை ஒட்டி நிற்பது, திரும்பித் திரும்பி நடப்பது போன்ற பயிற்சிகள் 1940-களில் காதார்ன், குக்ஸி இருவரும் உருவாக்கிய வரிசையிலிருந்து வந்தவை, இன்றும் அடிப்படை அதுதான். குனிய வேண்டிய பயிற்சிகளை மட்டும் டாக்டர் அனுமதிக்கும் வரை விட்டுவிடுங்கள். அதுவரை இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விளக்கைப் போடுங்கள், எழுந்ததும் அரை நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்காருங்கள், ஏணியில் ஏற வேண்டாம். காதுக்குத் தண்ணீர் படலாம் என்று அனுமதி கிடைத்தாலும் இந்தத் தலைசுற்றல் இருக்கும் வரை நீச்சல் வேண்டாம், தண்ணீருக்கு அடியில் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது.

வாழ்நாள் முழுக்க இருக்குமா என்று கேட்டீர்கள். இல்லை. ஒன்றுமே செய்யாவிட்டால்கூடப் பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ தானாக அடங்கிவிடும், அதனால் உங்கள் டாக்டர் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொன்னால் அது உங்களை அலட்சியப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வரலாம், பொதுவாக வருடத்துக்கு நூற்றில் பதினைந்து பேருக்கு என்று சொல்வார்கள். வந்தால் திரும்ப அதே முறைதான், அதே ஐந்து நிமிடம்தான். அடிக்கடி வருகிறது என்றால் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்: கொரியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், குறைவாக இருந்தவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தபோது, கொடுக்கப்படாத குழுவைவிடத் திரும்ப வருவது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எத்தனை முறை செய்தும் நிற்காத மிக அரிதான சிலருக்கு அந்த ஒரு குழலை மட்டும் அடைத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறது. நீங்கள் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை, பத்து நாள்தான் ஆகிறது, இன்னும் யாரும் உங்களைப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்க்கவே இல்லை. நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் செய்து, இந்த விவரத்தைச் சொல்லி, ஒரு கேட்கும் திறன் சோதனையும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையும் எப்போது செய்யலாம் என்று கேளுங்கள்.